பலகையில் எழுதாததை யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் இங்குள்ள அபராதங்களை மிகச் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்பதும், 1992 முதல் சூயிங் கம் விற்கத் தடை என்பதும் விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போனால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி என்பதும் எல்லாருக்கும் தெரியும். பலகை வைத்துச் சொல்லாத, அபராதமும் இல்லாத பழக்கங்களை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நான் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். திருமணமாகி இங்கே வந்தேன். என் கணவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக இதுதான் ஊர். அதனால் எனக்குச் சொல்லித்தர மாமியார் இருந்தார். கொடியில் போடும் துணியைக் கீழ்வீட்டில் சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட வேண்டும் என்பதில் தொடங்கி, பேருந்தை விட்டு இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுத் தூரத்துக்கும் காசு போய்விடும் என்பது வரை அவர் சொல்லித் தந்தவைதான். இப்போது வேலை கிடைத்து வருகிறவர்களில் பலர் கணவன், மனைவி, ஒன்றிரண்டு பிள்ளைகள் என்று தனியாக வருகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கிடையாது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் தினமும் பேசலாம், ஆனால் அந்த அம்மாவுக்கு நாங்கள் குடியிருக்கும் ஈசூன் வட்டாரம் தெரியாதே.

சீனர்களின் ஏழாம் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். அடுக்குமாடி புளோக்கின் கீழே புல்தரையிலும் நடைபாதை ஓரத்திலும் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, ஆரஞ்சு, சோறு எல்லாம் வைத்திருப்பார்கள். இரும்புத் தொட்டிகளில் காகிதப் பணம் எரியும், சாம்பல் பறக்கும். இறந்தவர்களின் ஆவிகள் அந்த மாதம் பூமிக்கு வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. பந்தலில் கெத்தாய் பாட்டுக் கச்சேரி நடந்தால் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை அந்த விருந்தாளிகளுக்கு உரியவை, நாம் உட்காரக் கூடாது. "கீழே சோறும் பழமும் வச்சிருந்தா சுத்திப் போ, தாண்டாதே" என்று மாமியார் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் புளோக்கில் புதிதாக வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் அப்படி ஒரு படையல்மேல் சைக்கிளை ஓட்டிவிட்டான். அதை வைத்த சீனப் பாட்டி ஒன்றும் பேசவில்லை. சிதறிய பழங்களைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் அடுக்கினார். பார்த்த எனக்கு மனசு தாங்கவில்லை. பையனின் அம்மாவோ யாரோ சாப்பிட்டுப் போட்ட மிச்சம் என்று நினைத்திருக்கிறார். நாம் ஆடி அமாவாசைக்கு முன்னோரை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும் என்று நான் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அன்று மாலையே மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணிடம் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தெரியாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு இடத்திலும் இப்படிப்பட்டவை நிறைய. மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பாக்கெட் குப்பை அல்ல, யாரோ இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்குத் தனித் தாங்கியும் மற்றவற்றுக்குத் தனித் தாங்கியும் இருக்கும். அவசரத்தில் மாற்றி வைத்தால் முஸ்லிம் நண்பர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பரோட்டாக் கடையில் பருப்புக் குழம்பு என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, மீன் குழம்பை ஊற்றிக் கொடுக்கிற கடைகள் உண்டு. ஆனால் சீன சைவக் கடையில் வாத்து, மீன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை.

அண்டை வீட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989 முதல் கொள்கையே இருக்கிறது. ஊரில் ஒரு தெரு என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பழக்கம். இங்கே ஒரே மாடியில் எதிர்வீட்டில் நோன்பு, பக்கத்து வீட்டில் சீனப் புத்தாண்டு, நம் வீட்டில் கந்த சஷ்டி. மலாய்க் குடும்பத்துக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுக்க ஆசையாக இருந்தால் ஹலால் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். நாம் வீட்டில் செய்ததைக் கொடுத்தால், வாங்காமல் இருக்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் அவர்கள் தவிக்க வேண்டியிருக்கும். கீழ்த்தளத்தில், வாய்ட் டெக் என்கிறோமே அங்கே, ஒரு வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், இன்னொரு வாரம் சீனர் வீட்டுத் துக்கம். துக்கம் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை நாள்களுக்கு நீடிக்கும். தீட்டு என்று பிள்ளைகளை வேறு வழியாகக் கூட்டிப் போகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை. தெரிந்த குடும்பமாக இருந்தால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வெள்ளை உறையில் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வரலாம். வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், வரவேற்பறையில் உருளியில் பூ மிதக்கவிடுகிறவர்கள் அடிக்கடி தண்ணீரை மாற்றிவிட வேண்டும். டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும். ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999 என்பதை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் கை தானாக 108-க்குப் போகும்.

பண்டிகை விஷயத்தில் புதியவர்களுக்கு வரும் ஏக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை இல்லை. தீபாவளிக்கு உண்டு, ஆனால் பட்டாசுக்கு 1972 முதல் தடை. முதல் ஆண்டு பிள்ளைகள் வாடிப்போவார்கள். காலை ஆறரைக்கும் வெளியே இருட்டாகவே இருக்கும், 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திய ஊர் இது. விடியலில் எழுந்து கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு அதுவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் பொங்கல் நெருங்கும்போது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள், கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் குவிந்து கிடக்கும். தீபாவளிக்கு வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, கூட வேலை பார்க்கும் சீன, மலாய் நண்பர்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிடுங்கள். இங்கே தீபாவளியின் சந்தோஷம் அதில்தான் இருக்கிறது.

இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புதிதாக வந்தவர்களைப் பார்த்து "ஊர்க்காரங்க இப்படித்தான்" என்று மின்தூக்கியில் முணுமுணுக்கிறோம், நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறோம். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, இங்கே இப்படிச் செய்யறதில்லப்பா" என்று சொல்ல மட்டும் நமக்கு நேரமில்லை. அதே தமிழில்தானே பேசப் போகிறோம்? புதிதாக வந்தவர்களும் யாராவது அப்படிச் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே கேள்வி கேட்டு அங்கேயே பதில் தேடினால், அங்கே ஒருவருக்கும் தெரியாத விஷயத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. வாரம் ஒரு சிறிய பத்தி இதற்கென்று ஒதுக்குங்கள். புதியவர்கள் கேள்வி அனுப்பட்டும், தோ பாயோவிலும் உட்லண்ட்சிலும் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இருக்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும் பதில் சொல்லட்டும். அவர்களுக்கு எழுத வராவிட்டால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதித் தரலாம், பிள்ளைகளின் தமிழுக்கும் அது நல்லது. சமூக மன்றங்களில் இயங்கும் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் இதில் கைகொடுக்கலாம். ஜூலைக்குள் தொடங்கிவிட்டால் ஏழாம் மாதத்தைப் பற்றிய பத்தி உரிய நேரத்தில் வந்துவிடும். அதை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி