வெடிக்குப் பிறகும் நரி கண்ணில் இருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு அம்மா சாப்பிடவில்லை. பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டி, நாக்கும் வாலும் இல்லாமல் கிடந்தது. "இது மூன்றாவது, அப்பா. நரிதான். குட்டி போடுற காலம் முடிய இன்னும் எத்தனையோ கிழமை இருக்கு. என்ன துவக்கு வாங்கிறது?" என்று கேட்டிருந்தாய். நஞ்சு வைக்கச் சொல்லிப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாலும், வீட்டில் நாய் நிற்பதால் உனக்கு மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். சரியான முடிவு. 1080 நஞ்சு நரியைக் கொல்வதுபோலவே நாயையும் கொல்லும்.

மருமகனின் சிநேகிதர் தன் பழைய .243 துவக்கை மலிவாகத் தருவதாகச் சொன்னாராம். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அப்பா" என்று நீ வைத்துவிடுவாய்.

.243 ஐ வாங்காதே, பிள்ளை.

அந்த எண் அது சுடும் தோட்டாவின் பெயர். அது கூடாத தோட்டா இல்லை. 1955 இல் வந்தது; .308 தோட்டாவின் கோதின், அதாவது பித்தளைக் கூட்டின், கழுத்தை ஒடுக்கிச் செய்தது. மான், பன்றி என்றால் நானே அதை எடுக்கச் சொல்வேன். ஆனால் உன் நரி ஐந்தாறு கிலோ எடையுள்ள மிருகம். அதற்கு அவ்வளவு வெடிமருந்து தேவையில்லை. அதைவிட, அந்தத் துவக்கு உதைக்கும் உதையில் நீ நரியைப் பார்க்கமாட்டாய். நான் பார்க்கவில்லை.

நீ பிறப்பதற்கு முன், இங்கே ஆஸ்திரேலியாவில் வாகா வாகா பக்கத்துப் பண்ணைகளில் தண்ணீர்ப் பம்ப் திருத்திக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. ஒரு கிழவர், நல்ல மனுசன், இரவு நரி பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆகஸ்ட் மாதம், நிலமெல்லாம் உறைபனி. பின்தட்டு வண்டியான யூட்டின் மேல் விளக்கை அவர் பிடிக்க, பொனெட்டில் மூட்டை வைத்து அவருடைய .243 ஐ நான் பிடித்தேன். நரி நூற்று இருபது மீற்றரில் நின்றது. விசையை இழுத்தேன். துவக்கு எழும்பி, அதன் மேல் பூட்டிய குறிபார்க்கும் ஸ்கோப் திரும்பக் கீழே வந்தபோது வெறும் புல்தான் தெரிந்தது. "தப்பிட்டுது" என்றார் கிழவர். நானும் நம்பினேன்.

விடிய வேலியோரம் போனபோது அது அங்கே கிடந்தது. பின்கால் உடைந்திருந்தது, உயிர் இருந்தது. முதுகு மயிரெல்லாம் வெள்ளையாக உறைபனி. மூக்குக்கு முன்னால் மட்டும், ஒரு உள்ளங்கை அளவுக்கு, புல்லில் பனி உருகியிருந்தது. இரவு முழுக்க அது விட்ட மூச்சு. நான்தான் அதை முடித்து வைத்தேன். இன்றுவரை அந்த உருகிய இடம் எனக்கு மறக்கவில்லை. நரி ஆட்டுக்குட்டியைக் கொல்வது உண்மை, அதை நாம் சுடுவதும் நியாயம். அப்படி ஓர் இரவை அதற்குக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அதற்குப் பிறகு கிழவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். தாள்க் குறிக்குச் சுடச் சொல்லி, ஒவ்வொரு முறையும் தானே துவக்கை நிரப்பித் தந்தார். நான்காவதோ ஐந்தாவதோ, சொல்லாமல் ஒரு வெற்றுக் கோதைப் போட்டுத் தந்திருக்கிறார். விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்காத துவக்கின் வாய் என் கையிலேயே ஒரு அங்குலம் கீழே குத்தியதை நான் என் கண்ணால் கண்டேன். உதை வரும் என்று உடம்பு முந்திக்கொண்டு பயப்படுகிறது. மனதுக்கு அது தெரிவதே இல்லை. நரியின் கால் உடைந்தது அந்தப் பயத்தால்தான்.

வாய்ப்பக்கமாய் மருந்தை இடித்து நிரப்பும் உன் அப்பப்பாவின் இடியன் துவக்கைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். வன்னியில் நெல் குடலை பருவத்துக்கு வந்தால் பன்றி இறங்கும். அவர் காவல் கொட்டிலில் இருப்பார். வெடி வைத்தால் முன்னால் ஒரு வெள்ளைப் புகைச் சுவர். அது கலையும்வரை எதுவும் தெரியாது. அவர் அசையாமல் இருந்து காதைக் கொடுத்துக் கேட்பார், விடிந்த பிறகுதான் இரத்தம் பார்த்து நடப்பார். இன்றைய மருந்தில் அந்தப் புகை இல்லை. ஆனால் உதைக்கிற துவக்கு அதே வேலையைத்தான் செய்கிறது. பார்க்க வேண்டிய அந்த அரை வினாடியில் கண்ணைக் கட்டிவிடுகிறது.

உதை எங்கிருந்து வருகிறது என்று விளங்கினால் தெரிவு லேசாகும். துவக்கின் வாயால் வெளியே போவது சன்னம் மட்டும் இல்லை, எரிந்த மருந்தும் வாயுவாய்ப் போகிறது. இரண்டின் பாரமும் வேகமும் சேர்ந்துதான் உன் தோளில் திரும்பி வருகின்றன. துவக்கு பாரமாக இருந்தால் அது குறையும். .243 ஒரு வெடிக்கு நாற்பது கிரெயினுக்கு மேல் மருந்து குடிக்கும். அதைவிடச் சின்னத் தோட்டாவான .223 க்கு இருபத்தைந்து போதும். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்; கேட்கச் சின்னதாக இருந்தாலும், ஒரே பாரமுள்ள துவக்கில் .243 இன் உதை .223 ஐப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பாரம் குறைந்த சன்னம் போட்டுச் சுடலாமே என்று சிநேகிதர் சொல்லக்கூடும். உதை கொஞ்சம் குறையும்தான், ஆனால் மருந்தும் சத்தமும் பெரிதாய்க் குறையாது.

சின்னத் தோட்டாவிலிருந்து சொல்கிறேன். .22 ரிம்ஃபயர், அதாவது கோதின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் தோட்டா, முயலுக்கும் பழகுவதற்கும். நரிக்கு எடுக்காதே. அதன் ஈயச் சன்னம் மெதுவாகப் போய்க் கல்லில் பட்டால் எகிறிப் பறக்கும். .17 ஹெச்எம்ஆர் 2002 இல் வந்தது, உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 17 கிரெயின் சன்னத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். மணிக்கு பதினாறு கிலோமீற்றர் பக்கக் காற்றில் 200 மீற்றரில் ஒரு அடிக்கு மேல் விலகும். .223 என்றால் நான்கைந்து அங்குலம். கைரா மேட்டில் உன் காணியில் காற்றில்லாத இரவு எத்தனை என்று நீயே சொல்.

ஹோர்னெட் எனக்குப் பிடித்த கிழட்டுத் தோட்டா. 1930 அளவில் கடைக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு கிரெயின் மருந்து, மெல்லிய சத்தம். நூற்றைம்பது மீற்றருக்குள் நரி நின்றால் அதுவே போதும், வெடித்த பிறகும் ஸ்கோப்புக்குள் படம் அசையாது. ஆனால் உன் கீழ்ப் பட்டி அதைவிட நீளம். .204 ரூகர் 2004 இல் வந்தது. 32 கிரெயின் சன்னம் வினாடிக்கு 1280 மீற்றர் அளவில் பறக்கும், உதை .223 ஐவிடவும் குறைவு. பட்டதைத் தன் கண்ணாலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதை விட்டு விலகமாட்டார்கள். விலையும், உன் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதும்தான் கேள்வி. .22-250 வேகமானது, எரிக்கும் மருந்தும் அதிகம், குழல் சூடேறும். வீட்டருகே ஆடு மேய்க்கிற உனக்கு வேண்டாம்.

ஆக, .223. 1950 இல் வந்த .222 ஐ நீட்டி உருவாக்கியது. 55 கிரெயின் சன்னம், வினாடிக்கு ஏறக்குறைய 990 மீற்றர். எந்த நாட்டுப்புறக் கடையிலும் பெட்டி பெட்டியாய் இருக்கும், ஆகவே நீ கணக்குப் பார்க்காமல் பழகலாம். நுனி உடையும் வகைச் சன்னமாகக் கேட்டு வாங்கு. அது நரிக்குள்ளேயே நொறுங்கும், மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் சிதறிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்; பின்னால் மண்மேடு இல்லாமல் ஒரு வெடியும் வைக்காதே. 100 மீற்றரில் மூன்று நான்கு சென்றிமீற்றர் மேலே படும்படி குறி சரிசெய்தால், 180 மீற்றர் வரை நரியின் நெஞ்சுக்கு நேரே பிடித்தாலே போதும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. .223 என்பது இராணுவத் துவக்குகளின் 5.56 தோட்டாவின் உடன்பிறப்பு. ஊரில் அந்த அளவுக் கோதுகள் ஒழுங்கையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். இங்கே கடைக்காரர் முதன்முதலில் அந்தப் பெட்டியை மேசையில் வைத்தபோது தொட எனக்குக் கை வரவில்லை. ஹோர்னெட்டையே பல வருடம் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உனக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்றுதான் கடல் தாண்டி வந்தோம். நீ அதை ஆட்டுக்குட்டி காக்கும் ஒரு சாமானாக மட்டும் கையில் எடுப்பதில் எனக்கு நிம்மதி.

துவக்கைத் தெரிவு செய்யும்போது மெல்லிசாக, தோளில் தூக்கி நடக்க வசதியாக இருப்பதை எடுக்காதே. நீ நடக்கப் போவதில்லை, யூட்டில் வைத்துச் சுடப் போகிறாய். ஸ்கோப்போடு நான்கு கிலோ இருந்தால் நல்லது. அடிக்கட்டை உன் கைக்கு அளவாக இருக்க வேண்டும். ஆண்களுக்குச் செய்த கட்டை உனக்கு நீளம். கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடுவாய், தோளில் சரியாக உட்காராது, சின்ன உதையும் பெரிதாய்த் தெரியும். இளையோருக்கான கட்டை கேள், அல்லது வெட்டித் தரச் சொல். சத்தமும் உதையில் பாதி. இரவிலும் காதுமூடி இல்லாமல் ஒரு வெடியும் கூடாது. ஸ்கோப்பின் பெருக்கத்தை ஐந்தாறுக்கு மேலே ஏற்றாதே; பார்வை அகலமாக இருந்தால்தான் வெடித்த பிறகும் நரி அதற்குள் நிற்கும். விளக்கில் மின்னும் கண்ணை மட்டும் பார்த்து ஒருநாளும் சுடாதே. உன் ஆட்டின் கண்ணும் மின்னும், நாயின் கண்ணும் மின்னும். உடம்பு தெரிய வேண்டும்.

வெடித்த பிறகு உடனே எழும்பாதே. விசையை இழுத்த விரல் இழுத்தபடி இருக்கட்டும், கன்னம் கட்டையில் இருக்கட்டும், ஸ்கோப்புக்குள் பார். விழுந்ததா, ஓடியதா, எந்தப் பக்கம் ஓடியது, காலை இழுத்ததா? அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இரு. நான் .243 வேண்டாம் என்பது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

.223 போல, கோதின் அடி நடுவில் ஊசி அடிக்கும் சென்டர்ஃபயர் என்றால் பி பிரிவு. உன் லைசென்சில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள். முதல் துவக்குக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை குட்டி போடப் போகும் ஆடுகளை வீட்டை ஒட்டிய பட்டிக்கு மாற்று, பக்கத்துப் பண்ணைக்காரரை இரவில் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிக் கேள். அந்த நாட்கள் பழகுவதற்கு உதவும்.

சனிக்கிழமை விடியவே நாங்கள் வெளிக்கிடுகிறோம். அம்மா தட்டைவடை சுட்டு வைத்திருக்கிறா. நான் என்னுடைய .22 ஐக் கொண்டுவருகிறேன். பின்பக்க மண்மேட்டில் ஒரு பலகை நட்டு வை. நீ சுடு, தோட்டாவை நான் போட்டுத் தருவேன். வெற்றுக் கோது இரண்டு என் சட்டைப்பையில் இருக்கும். எப்போது போடுவேன் என்று சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா