பொருள்: 300 எம்பிபிஎஸ் இணைப்பில் 94க்கு மேல் ஏறாத வேகம், மூன்று முறை தீர்க்காமலே மூடப்பட்ட புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் புகாரை மூன்று முறையும் “வாடிக்கையாளரின் வைஃபை பிரச்சினை” என்று எழுதி மூடியிருக்கிறீர்கள். பிரச்சினை வைஃபையில் இல்லை. உங்கள் பணியாளர் போட்டுக் கொடுத்த கேபிளில் இருக்கிறது.

ரூட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களைச் செருகும் துளை) லேப்டாப்பை நேரடியாகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதித்தேன். காலை 93, மாலை 94, நள்ளிரவு 94. நெரிசல் என்றால் மாலையில் இறங்கி நள்ளிரவில் ஏறியிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் 93, 94லேயே நிற்கிறது என்றால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) போகாமல் 100இல் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி போன்ற தலைப்புத் தரவு போக 100இல் கையில் கிடைப்பது அவ்வளவுதான்.

அதே லேப்டாப்பை என்னுடைய கேட் 6 (கிகாபிட் தாங்கும் வகை) கேபிளால் ஓஎன்டி பெட்டியிலேயே (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) செருகினேன். 291 வந்தது. ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில், ஃபைபரில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 21.4 டிபிஎம் (ஒளித் திறனின் அலகு) என்று காட்டுகிறது; மைனஸ் 27க்கும் கீழே இறங்கினால்தான் கவலை. ஆகவே ஃபைபரை யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம், நன்றாக இருப்பதைத் தொட்டுக் கெடுக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஓஎன்டியிலிருந்து ஹால் ரூட்டருக்குச் சுவரோரமாக ஆணியடித்து இழுத்த 12 மீட்டர் கேபிள். ரூட்டர் அமைப்பின் வான் (WAN, வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் துளை) பக்கத்தில் இணைப்பு வேகம் 100 என்றே இருக்கிறது. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கனெக்டரின் கண்ணாடிப் பிளாஸ்டிக் வழியாக ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் தங்க நிறத் தகடுகளைத் தொடுவது தெரிகிறது. நீலமும் பழுப்பும் உறையோடு ஒட்ட வெட்டப்பட்டு உள்ளேயே வரவில்லை. கேபிளின் எட்டுக் கம்பிகளில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கே இருந்தாலும் விளக்கு எரியும், நெட் வரும். பார்த்தவர் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

என் கேபிளையே தற்காலிகமாகத் தரையில் இழுத்து ரூட்டருக்குக் கொடுத்ததும் வான் வேகம் 1000 ஆனது. லேன் போர்ட்டில் 288, அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 260.

இதற்கிடையே உதவி மையம் சொன்னவை: ரூட்டரை அணைத்துப் போடுங்கள் (ஆறு முறை), ரீசெட் செய்யுங்கள், 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுங்கள். மாறியிருந்தாலும் அந்தக் கேபிளில் 94தான் வந்திருக்கும்!

வைஃபையில் ஒரு குறையும் உண்டு. இரண்டு சுவர் தாண்டிய அறையில் வேகம் குறைவது இயல்பு, அதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சேனல் 3இல் உட்கார்ந்து அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு மோதுகிறது. 20 மெகாஹெர்ட்ஸாக்கி 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததில் வைக்க வேண்டும். நானே மாற்றிவிடுவேன், ரூட்டரின் அந்த அமைப்புப் பக்கத்தை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

எனவே பணியாளரை கிரிம்பிங் கருவி (கனெக்டரைக் கேபிள் முனையில் அழுத்திப் பொருத்துவது), கேபிள் டெஸ்டரோடு அனுப்புங்கள். இரு முனையையும் வெட்டி, எட்டுக் கம்பியையும் டி568பி என்ற வழக்கமான நிற வரிசையில் போட்டு, டெஸ்டரில் எட்டும் எரிவதையும் ரூட்டரில் 1000 வருவதையும் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ரூட்டர் அமைப்புக்கான அனுமதியைத் திறந்துவிடுங்கள். மூடிய மூன்று புகாரிலும் காரணத்தைத் திருத்தி, முதல் புகார் நாளிலிருந்து கட்டணத்தில் கழிவு தர வேண்டும்.

தற்காலிகக் கேபிள் நடைபாதையின் குறுக்கே கிடக்கிறது, கால் தடுக்குகிறது. மூன்று நாளுக்குள் வரச் சொல்லுங்கள். வான் பக்கம், வேகச் சோதனை, கனெக்டர் முனை ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்