ஜெஃப் ஆஸ்ட்ல் கதையின் மறுபாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கால்பந்து நட்சத்திரங்கள் பற்றிய கட்டுரையில் ஜெஃப் ஆஸ்ட்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1968இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் எவர்ட்டனுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், அவருடைய அணியான வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் ரசிகர்கள் அவரை 'ராஜா' என்று கொண்டாடியது எல்லாம் சரி. '2002இல் காலமானார்' என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் குறை.

ஆஸ்ட்லின் பலமே ஹெட்டர்தான், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது. (அந்த இறுதியாட்ட கோல் மட்டும் இடது காலால் வந்தது!) மழையில் ஊறிக் கனத்துப்போன தோல் பந்தை ஆட்டத்திலும் பயிற்சியிலும் வருடக்கணக்கில் தலையால் முட்டியவர். ஐம்பது சொச்சம் வயதிலேயே நினைவு தப்ப ஆரம்பித்தது. கடைசியில், தான் கால்பந்து ஆடியவர் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மகள் டானின் வீட்டில் அவர் இறந்தபோது வயது 59. மரண விசாரணை அதிகாரியோ, பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை பாதிக்கப்பட்டது, இது தொழிலால் வந்த நோய் என்றே தீர்ப்பு எழுதினார்.

இப்படியொரு தீர்ப்பு வந்தால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பதறியிருக்க வேண்டாமா? வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து பத்தாண்டு ஆய்வு என்று அறிவித்தார்கள். உருப்படியாக எதுவும் வெளிவரவில்லை. மனைவி லொரெய்னும் மகள்களும் விடவில்லை. 2014இல் ஆஸ்ட்லின் மூளையை மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் மறுபடி ஆராய்ந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டுக் குத்துச்சண்டை வீரர்களுக்கு வருமே, சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய், அந்தப் பாதிப்பு என்று தெரிந்தது. மறு வருடம் குடும்பத்தார் ஆஸ்ட்ல் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, இதே நிலையில் இருந்த மற்ற வீரர்களின் வீடுகளுக்கும் துணை நின்றார்கள். ஒரு சங்கம் செய்யவேண்டிய வேலையை ஒரு வீடு செய்தது என்றுதான் நான் சொல்வேன்.

2019இல்தான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை எடுத்துப் பார்த்ததில், மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டர் வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது.

"அது அந்தக் காலத்துத் தோல் பந்து, இப்போது கவலையில்லை" என்பவர்கள் உண்டு. நனையாத பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்றைய பந்து இன்னும் வேகமாக வேறு வருகிறது. அதே குழுவின் 2021 ஆய்வில், பந்தை அதிகம் முட்டாத கோல்கீப்பர்களுக்கு ஆபத்து பொதுமக்களுக்கு இருக்கும் அளவுதான். தடுப்பாட்டக்காரர்களுக்கோ சுமார் ஐந்து மடங்கு.

1966 உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் சார்ல்டன் சகோதரர்கள், நாபி ஸ்டைல்ஸ் எனப் பலர் மறதி நோயோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றியும் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது கோல் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்