குளிர் தொடங்கிவிட்டதா?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மாரி பிடித்துவிட்டது. படுவான்கரையில் வயலுக்குள் வெள்ளம். அப்பா சொல்வழி கேட்காமல் சேற்றுக்குள் நிற்கிறார். எலிக்காய்ச்சல் வராமலிருக்க சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. கொடுத்த டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் போடவைப்பதே பெரும்பாடு. வேறு புதினம் இல்லை. நீ சாப்பிடுகிறாயா?

மருந்து பட்டதும் பற்றீரியா என்ன செய்கிறது என்று முன்னர் நீ எழுதி அனுப்பியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் ஒரே வரியில் முடித்த பாடம்: குளோரம்பெனிக்கோல் என்ற பற்றீரியாக்கொல்லி மருந்து, புரதம் செய்கிற இறைபோசோமின் 50எஸ் துணையலகில் ஒட்டும், புரதத் தொகுப்பு நிற்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பற்றீரியா சும்மா இருப்பதில்லை என்கிறாய். அமினோவமிலங்கள் செலவாகாமல் தேங்க, பட்டினிக்கு அடையாளமான பிபிஜிபிபி என்ற சின்ன மூலக்கூறு குறைகிறது, இறைபோசோம் ஆர்.என்.ஏ.க்கான பரம்பரையலகுகள் முன்னையைவிட மும்முரமாகின்றன. அரைவயிற்றோடு ஆய்வுகூடத்தில் நிற்கிறவளுக்குப் பட்டினியைப் பற்றி நான் என்ன சொல்ல? நேரத்துக்குச் சாப்பிடு.

எரித்ரோமைசின் கதைதான் எனக்குப் பிடித்தது. மருந்து ஒட்டிய இறைபோசோம், தூதர் ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்திலுள்ள சின்னப் பெப்டைட்டை வாசிக்கும்போதே தடக்குப்பட்டு நிற்கிறது. அது நிற்பதால் அந்த ஆர்.என்.ஏ.யின் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த மெத்திலேற்றும் நொதிக்கான செய்தியின் தொடக்கம் வெளியே வருகிறது. அந்த நொதி இறைபோசோமின் 23எஸ் ஆர்.என்.ஏ.யில் மெத்திலை ஒட்டிவிட்டால், மறுகா மருந்துக்குப் பிடிக்க இடமில்லை. மருந்தே வழி திறந்து கொடுக்கிறது, பார்! என் பிள்ளை இதையெல்லாம் ஆராய்கிறாள் என்று கல்லடியில் நான் சொல்லாத ஆளில்லை. பெற்ற தாய்க்குப் பதில் போடத்தான் அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை.

ஒரு சந்தேகம். குளோரம்பெனிக்கோலோ டெட்ராசைக்கிளினோ கொடுத்தால், வெப்பநிலை குறையாமலே ஈ. கோலை பற்றீரியா, குளிர் பட்டால் செய்கிற குளிர் அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தால் சூடு பட்டதுபோல நடக்கிறது. எல்லாமே இறைபோசோமில் ஒட்டுகிற மருந்துகள்தானே? புரதத் தொகுப்பை முழுதாக நிறுத்தினால் இந்தப் புரதங்களை எதைக்கொண்டு செய்யும்? குறைந்த அளவா கொடுக்கிறாய்? எழுது. குளிர் என்றதும்தான் நினைவு வந்தது, கம்பளிச் சட்டை வாங்கினாயா? போனமுறை குரல் அடைத்திருந்தது. தடிமன் என்றாய். தடிமனாகத் தெரியவில்லை.

அந்த விஷயத்தை நான் கேட்கப் போவதில்லை. பெரிய மாமி கேட்டார். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கமராவைப் போட்டுக்கொண்டு எடு.

அம்மா