எத்தனை மாதத்தில் மாஸ்டர் ஆகலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சிலம்பம் சுற்றும் பிள்ளைகளின் படம் வந்தால் கத்தரித்து ஒரு பழைய நோட்டில் ஒட்டி வைப்பேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. மாவட்டப் போட்டியில் தங்கம் வாங்கிய பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றிய பிள்ளை, பானை மேல் நின்று சுற்றிய பிள்ளை என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் போட்டிருக்கும். கற்றுக்கொடுத்தவரைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு தாய் தன் மகனை என்னிடம் கொண்டுவந்து விட்டார். "சர்டிபிகேட் எத்தனை மாசத்துல வரும்? அப்புறம் மாஸ்டர் ஆக எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். பெற்றவர்கள் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். நான் கம்பு எடுத்த காலத்தில் 'பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு' என்று தெருவே கேட்டது. இன்று தாய்மாரே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். அதில் எனக்கு நிறையச் சந்தோஷம்.

ஆனால் அவருடைய இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு இப்போது 49 வயது. 11 வயதில் கண்மாய்க்கரையில் வாத்தியார் முன்னால் போய் நின்றேன். (இன்றைய பிள்ளைகள் மாஸ்டர் என்கிறார்கள். எங்கள் பக்கம் சிலம்பம் சொல்லித் தருபவர் வாத்தியார்தான்.) அவருக்கு இப்போது 76. இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு நான் எத்தனை மாதம் என்று சொல்வது?

வாத்தியார் கொத்தனார் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணிக்கு நகக்கண்ணில் சிமெண்ட்டோடு வந்து நிற்பார். முதல் நான்கு மாதம் எங்கள் கையில் கம்பே தரவில்லை, வெறும் காலடிதான். சுவர் எழுப்பும்போது மட்டம் பார்க்கக் கட்டுவார்களே, அந்த நூலை இரண்டு மூங்கிலுக்கு நடுவில் இழுத்துக் கட்டுவார். முட்டியை மடக்கித் தாழ நின்றால்தான் தலை நூலுக்குக் கீழே இருக்கும். அதே தாழ்வில் முன்னால் நாலு எட்டு, பின்னால் நாலு எட்டு, பிறகு திரும்ப வேண்டும். தலை நூலில் பட்டால் முதலிலிருந்து. ஒரு நாள் 30 தடவை நூலில் இடித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவர் நூலை ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டியிருந்தார். எனக்காகத்தான் உயர்த்தினார் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நெற்றிப் பொட்டு உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும் என்பார். வளரும் பிள்ளைக்கு ஒரே கம்பு காணாது. பச்சை மூங்கிலை நிழலில் காயவைத்து, நெருப்பில் வாட்டிக் கோணல் எடுத்து, எண்ணெய் தடவி அவரே செய்து தருவார். முன்வீச்சு, பின்வீச்சு, கிறுக்கி என்று கம்பு வீச்சுகள், வெறுங்கையால் போடும் குத்துவரிசை என்று பத்து வருடம் ஓடியது. 21 வயதில் கல்யாணம் ஆனது. அதோடு கம்பு பரணுக்குப் போனது. ஒன்பது வருடம் அதைத் தொடவில்லை.

30 வயதில், மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக்குப் போனேன். "வா ஆத்தா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. போய் நூலை எடுத்து வந்து கட்டினார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நானும் முட்டியை மடக்கி நின்றேன்.

அவர் கற்றுக்கொண்ட கதை இன்னும் பெரிது. முதலில் கற்றது சொந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், ஒன்பது வயதில். அவர் காலமான பிறகு குத்துவரிசைக்கு மேலூர்ப் பக்கம் ஒருவரைத் தேடிப் போயிருக்கிறார். மான்கொம்பை ஆயுதமாகப் பிடித்து ஆடும் முறையைப் படிக்க ராமநாதபுரம் பக்கம் ஒரு முதியவரிடம் போயிருக்கிறார். வெற்றிலை பாக்கு, வேட்டி, கையில் இருந்த பணம் எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்த பிறகும் அந்த முதியவர் ஆறு மாதம் எதையும் காட்டவில்லையாம். வாத்தியார் வாரம் ஒருமுறை போய்த் தண்ணீர் இறைத்து, மாட்டுக்குப் புல் போட்டுவிட்டுத் திரும்பி வருவார். கொத்தனாருக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. ஒரு நாள் படிக்கப் போனால் அன்றைக்கு வீட்டில் வருமானம் கிடையாது. இப்படி முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாரின் வீட்டம்மா தாங்கியிருக்கிறார். வாத்தியாரின் வித்தையில் பாதி அவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

வாத்தியாருக்கு 63 வயது இருக்கும்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த 80 வயது தாண்டிய ஆசானைப் பார்க்கப் போனார். ஒரு பூட்டுப் பிரிவை, அதாவது எதிராளி போடும் பிடியிலிருந்து விடுபடும் முறையை, தெரிந்துகொள்ளப் போனவரை, முதலில் காலடி வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார் அந்தப் பெரியவர். பார்த்துவிட்டுக் கேட்டாராம், "திரும்பும்போது உம்ம குதிகால் ஏன் மண்ணை விட மாட்டேங்குது?"

எங்கள் வாத்தியார் பாதத்தை முழுக்க ஊன்றியபடியே திரும்புவார். அப்படித்தான் அவர் படித்தார், அப்படித்தான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். குதிகால் லேசாக எழும்பி, முன்பாதத்தில் உடம்பு திரும்ப வேண்டும். பாதம் தரையில் பூட்டிக் கிடக்க மேல் உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். முட்டி மடக்கி நீட்டுவதற்கு உள்ளது. முறுக்கை அது ரொம்ப நாள் தாங்காது. அதற்குள் இருக்கும் சவ்வும் தசைநாரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், சில நேரம் கிழியும்.

ஊர் திரும்பியவர் இரண்டு வாரம் கண்மாய்க்கரைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். மூன்றாவது வாரம் வந்து எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். "33 வருசமா ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார். 12 வயதுப் பையனிலிருந்து பேரன் எடுத்தவர் வரை அங்கே இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. அவர் எழுந்து நின்று, தன் பழைய திருப்பத்தையும் புதிய திருப்பத்தையும் மாற்றி மாற்றிச் செய்து காட்டினார். புதியது அவருக்கே சரியாக வரவில்லை. பிறகு தனக்கு நூலைக் கட்டச் சொன்னார்.

அதோடு விடவில்லை. பழைய மாணவர்களின் வீடு வீடாக சைக்கிளில் போனார். எனக்குத் தெரிந்தே 20 வீட்டுக்கு மேல் இருக்கும். என்னைக் கண்மாய்க்கரையில் பார்த்தவர்தான், இருந்தாலும் தனியாக வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். "ஆத்தா, ஒனக்கு முட்டி வலிக்குதா?" என்று கேட்டார். இடது முட்டி அப்போதே மாடி ஏறினால் வலிக்கும். ஆமாம் என்றேன். "அது நான் குடுத்தது" என்றார்.

ஐயா, எனக்கு அந்த வலி இன்றும் இருக்கிறது. ஆனால் என்னிடம் படிக்கும் 40 பிள்ளைகளில் ஒருவருடைய குதிகாலும் திரும்பும்போது மண்ணில் ஒட்டுவதில்லை. 63 வயதில் ஒரு கொத்தனார் பஸ் ஏறிப் போனதால் கிடைத்தது அது. எத்தனை மாதத்தில் மாஸ்டர் ஆகலாம் என்று கேட்டவரிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

மற்ற இடங்களிலும் நல்ல ஆசிரியர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். கேரளத்து வடகரையில் களரிப்பயிற்றுச் சண்டைக்கலை சொல்லித் தரும் மீனாட்சி அம்மா சிறுமியாகக் களரிக்குள் போனவர். 2017இல் பத்மஸ்ரீ வாங்கியபோது 70 வயதைக் கடந்திருந்தார், அப்போதும் வாளோடு களத்தில் நின்றார். ஜப்பானில் பிறந்த கெய்கோ ஃபுகுதா 1935இல் ஜூடோ படிக்கச் சேர்ந்தார். பெண் என்பதால் ஐந்தாம் டான் (கறுப்புப் பட்டையின் படிநிலை) தரத்திலேயே பல வருடம் நிறுத்தி வைக்கப்பட்டு, 1972இல்தான் ஆறாவது கிடைத்தது. அமெரிக்காவில் பத்தாம் டான் கொடுக்கப்பட்ட 2011இல் அவருக்கு 98 வயது. சான்பிரான்சிஸ்கோவில் அந்த வயதிலும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து திருத்துவாராம். ஒன்பது வருடத்தைப் பரணில் விட்டவள் நான். அந்த அம்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நம் ஊர் வாத்தியார்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட அதே 1801இல் கும்பினி (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு இந்தப் பக்கத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டது. அதற்கப்புறமும் இந்த வித்தை, பகலில் வேறு வேலை பார்த்தவர்களின் கையில்தான் பிழைத்து வந்திருக்கிறது. யாரிடம் யார் படித்தார் என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை. ஒரு வாத்தியார் தன் வாத்தியாரைப் பற்றிச் சொன்னதுதான் சாட்சி.

சில வருடம் முன்பு ஒரு பள்ளியில் மாணவிகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தர ஆள் தேடினார்கள். மூன்று மாதப் பயிற்சி. வாத்தியாரை நான்தான் அழைத்துப் போனேன். "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், வேறு ஒரு இளைஞரை எடுத்தார்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை, தெரிந்ததை உண்மையாகச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் அந்த மாணவிகள் ஆடியபோது பார்த்தேன், 30 பேருடைய குதிகாலும் மண்ணில் ஒட்டியிருந்தது. எனக்கு என் முட்டியே வலித்தது.

வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். தம்பியும் வந்தது, நான்கு ஞாயிற்றுக்கிழமை நூலுக்குக் கீழே நின்றது. பிறகு நின்றுவிட்டது. மூன்று பள்ளி, இரண்டு தனிவகுப்பு, பெட்ரோல் செலவு, வீட்டில் கடன். கற்றுக்கொள்ள அதற்கு நேரம் இல்லை. ஆசை இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். பள்ளிகளுக்குப் பயிற்சியாளரை எடுக்கும்போது தாளோடு சேர்த்து ஒரு நாள் களத்திலும் பாருங்கள். பத்துப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி ஒரு மணி நேரம் சொல்லித்தரச் சொன்னால் போதும், தெரிந்துவிடும். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் பயிற்சியாளர்களுக்கென்றே ஒரு வாரம் முகாம் வையுங்கள். வயதான வாத்தியார்களைத் தேடிப்பிடித்து, மதிப்பூதியம் கொடுத்துச் சொல்லித்தர வையுங்கள். படிக்க வருகிறவர்களுக்கு அந்த வாரத்துக் கூலியைக் கொடுங்கள். அதில் ஒரு நாள் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்து வளரும் பிள்ளைகளின் மூட்டைப் பற்றிப் பேசட்டும். எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் எலும்பு வளரும் குருத்து இன்னும் மூடியிருக்காது. அந்தப் பிள்ளையை மணிக்கணக்கில் நிறுத்தாமல் சுற்ற வைத்துச் சாதனை என்கிறார்கள். என் நோட்டிலும் அப்படி இரண்டு படம் இருக்கிறது. தயவுசெய்து அந்த மாதிரிச் செய்திகளைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை பதக்கம் வாங்கினால், சொல்லித் தந்தவரிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த வருடம் நீங்கள் யாரிடம், என்ன புதிதாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் போதும்.

எங்கள் வாத்தியாரிடம் கேட்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க்கரைக்கு வரலாம். வந்தவுடன் பேச மாட்டார், முதல் அரை மணி நேரம் அவருடையது. இருட்டில் தனியாகக் காலடி வைத்துக்கொண்டிருப்பார். நூலை இப்போது நான்தான் கட்டுகிறேன். அவர் இடுப்பு முன்போல வளையாததால் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவேன். கவனித்துவிட்டார் என்றால் இறக்கச் சொல்வார்.

இப்படிக்கு,
சிலம்பம் கற்றுத்தரும் ஒரு வாசகி,
திருப்புவனம், சிவகங்கை மாவட்டம்.