கைதட்டுபவர் மேல் குற்றமில்லை: சிறு அரங்கு மியூசிக்கல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க்கின் ஆஃப் பிராட்வே அரங்குகளில் (பிராட்வேயின் பெரிய அரங்குகளைவிடச் சிறியவை) பழைய சிறு மியூசிக்கல்களை, அதாவது பாட்டால் கதை சொல்லும் நாடகங்களை, மீண்டும் மேடையேற்றும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அரங்க மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ரசிகர்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியவில்லை என்ற புலம்பல் உங்கள் பக்கத்திலிருந்து ஓயாமல் வருகிறது. சோகப் பாட்டு முடிந்த கையோடு 'ஊ' என்று கூவுகிறார்கள், நடிகர் பாடும்போது கூடவே முணுமுணுக்கிறார்கள், பக்கத்து இருக்கையோடு குசுகுசுக்கிறார்கள், கதாநாயகன் தப்பு செய்தால் 'ச்சே' என்கிறார்கள். இதற்கு மருந்தாக வாசலில் இன்னொரு அறிவிப்புப் பலகை மாட்டுகிறீர்கள். இந்தச் சத்தங்களில் பெரும்பகுதியை உங்கள் மேடையே கேட்டு வாங்குகிறது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. விளக்கு எந்த நொடியில் மாறுகிறது, பியானோ எங்கே நிற்கிறது, தாமதமாக வருபவரை எப்போது உள்ளே விடுகிறீர்கள், கையேட்டில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள் என்பவற்றைச் சரிசெய்தால் பலகை தேவைப்படாது.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் 'தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்' நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். ஜேசன் ராபர்ட் பிரவுன் எழுதி இசையமைத்தது. 2001-இல் சிகாகோ அருகே ஸ்கோக்கியில் நார்த்லைட் தியேட்டரில் தொடங்கி, 2002-இல் நியூயார்க்கின் மினெட்டா லேன் தியேட்டருக்கு வந்தது. அங்கே சுமார் இரண்டு மாதம்தான் ஓடியது. ஆனால் அந்த நடிகர்கள் பாடிய இசைத்தட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. 2013-இல் செகண்ட் ஸ்டேஜ் நிறுவனம் தன் 296 இருக்கை அரங்கில் இதை மறுபடி போட்டபோது பிரவுனே இயக்கினார். பெட்ஸி வுல்ஃபும் ஆடம் கேன்டரும் நடித்தார்கள். 2015-இல் படம் திரையரங்குகளுக்கு வந்தது, 2025-இல் பிராட்வேக்கும் போய்விட்டது. ஆக, இனி இதைச் சிறு அரங்கில் யார் எடுத்தாலும், உள்ளே வருபவர்களில் ஒரு பங்கு பேருக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். மிச்சப் பேருக்குக் கதையே தெரியாது. இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில், ஒரே கைப்பிடியைப் பங்குபோட்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் சிக்கலின் முக்கால்வாசி இந்த இடத்தில் இருக்கிறது.

நாடகத்தில் இரண்டே பேர். எழுத்தாளன் ஜேமியின் கதை முதல் சந்திப்பிலிருந்து முன்னோக்கி நகர்கிறது. நடிகை கேத்தியின் கதை பிரிவிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில், சென்ட்ரல் பார்க் படகிலும் திருமணத்திலும் மட்டும் இருவர் காலமும் சந்திக்கின்றன. 14 பாட்டு, கிட்டத்தட்ட 90 நிமிடம், இடைவேளை கிடையாது. பியானோ, வயலின், இரண்டு செல்லோ, கிட்டார், பேஸ் என்று ஆறே வாத்தியம். வசனம் மிகக் குறைவு என்பதால், எந்த வருடம், எந்த ஊர் என்பதெல்லாம் பாட்டின் முதல் சில வரிகளில்தான் இருக்கிறது. அந்த வரி கைதட்டில் மூழ்கினால், புதிதாக வந்தவர் அடுத்த ஐந்து நிமிடம் தொலைந்துபோகிறார்.

ஆகவே முதலில் கைதட்டு. பாட்டின் கடைசியில் வாத்தியங்கள் சேர்ந்து வைக்கும் ஒற்றை அடியைப் 'பட்டன்' என்கிறோம். அந்த அடி விழும் அதே நொடியில் விளக்கும் மாறினால் மனிதர்கள் கைதட்டியே தீருவார்கள். அது அனிச்சைச் செயல். சோகப் பாட்டுக்கு அந்த விளக்கு மாற்றத்தை வைத்துவிட்டு, தட்டினார்களே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. தட்டு வேண்டாம் என்று முடிவு செய்தால் நான்கு வேலை சேர்ந்து நடக்க வேண்டும். கடைசி ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டின் முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) உள்ளே நுழைய வேண்டும். பியானோக்காரர் ஒலியை நீடிக்கவைக்கும் கால்பெடலை விடக் கூடாது. அடுத்துப் பாடும் நடிகர் அதற்கு முன்பே மேடையில் அசையத் தொடங்கியிருக்க வேண்டும். விளக்கு அந்த அசைவோடு மெல்ல நகர வேண்டும், அடியோடு அல்ல. நான்கில் ஒன்று தவறினாலும் அரைக் கைதட்டு வரும். முழுக் கைதட்டைவிட மோசமானது அதுதான். நான்கு பேர் தட்டுவார்கள், மற்றவர்கள் சேர மாட்டார்கள், அந்த நால்வரும் கூசிப்போய்க் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். 296 பேர் அரங்கில் ஒவ்வொரு கையின் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். பிறகு வரும் நகைச்சுவைப் பாட்டுக்குக்கூட அவர்கள் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

தட்டு வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். ஜேமியின் முதல் பாட்டு, அவன் புத்தகம் விலைபோகும் பாட்டு, கேத்தி ஒஹையோவின் கோடைக்கால நாடகக் குழுவைக் கிண்டல் செய்யும் பாட்டு, இவை தட்டு வாங்கவே எழுதப்பட்டவை. அந்த இடங்களில் அடுத்த பாட்டுக்கு முன் திரும்பத் திரும்ப வாசிக்க நான்கு பார் (தாள அளவு) சுழற்சி ஒன்றைத் தயாராக வையுங்கள். கைதட்டு பாதியாகக் குறையும்போது பியானோக்காரர் தலையசைக்க, நடிகர் பாடத் தொடங்கலாம். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் ஒரு வெற்றிடம் விழும். அதில் யாராவது இருமுவார்கள், உடனே பத்துப் பேர் இருமுவார்கள்.

மிகக் கடினமான இடம் நாடகத்தின் முதல் நிமிடம். கேத்தி தனியாக, ஜேமி விட்டுப்போன கடிதத்தோடு இருக்கிறாள். தொலைக்காட்சியில் தெரிந்த முகம் அந்த வேடத்தில் இருந்தால், விளக்கு வந்ததும் ஆரவாரம் எழும். பாட்டின் முதுகெலும்பு முறியும். ரசிகரைத் தடுக்க முடியாது, ஆனால் ஆரவாரத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியும். அரங்க விளக்கு அணைவதற்கு முன்பே அவர் மேடையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கட்டும். அரை இருட்டில் பியானோ தொடங்கட்டும். முகம் தெரியும் விளக்கு சில பார் கழித்து, மெல்ல ஏறட்டும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலானவர்களுக்குக் கை எழாது.

குசுகுசுப்புக்கு வருவோம். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் அரங்கில் ஒரு சலசலப்பு ஓடும். "இது அப்புறம் நடந்ததா, முன்னாடி நடந்ததா?" என்று ஒருவர் கேட்க, தெரிந்தவர் விளக்குவார். அதில் பண்புக்குறைவு ஏதுமில்லை, குழப்பம்தான். காலம் எப்படி நகர்கிறது என்பதை ரகசியமாக வைத்தால்தான் சுவை என்று சில இயக்குநர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எங்களுக்கு அது ஏற்புடையதாக இல்லை. பிரிவில் முடியும் என்பதை முதல் பாட்டே போட்டு உடைத்துவிடுகிறது. மறைக்க என்ன மிச்சம்? கையேட்டில் பாட்டுப் பட்டியலுக்கு மேலே, பெரிய எழுத்தில், "ஜேமியின் கதை தொடக்கத்திலிருந்து, கேத்தியின் கதை முடிவிலிருந்து" என்று ஒரே வரி போடுங்கள். கையேட்டைக் கைப்பேசி வெளிச்சத்தில் தேடுகிறவர்களும் குறைவார்கள்.

இதே காரணத்தால்தான் தாமதமாக வருபவர் பற்றிய உங்கள் வழக்கமான விதி இங்கே செல்லாது. முதல் இரண்டு பாட்டும் கதையின் இரு முனைகள். இரண்டையும் விட்டவர் கடைசி வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். காட்சி தொடங்கும் நேரத்தை ஐந்து, ஏழு நிமிடம் தள்ளலாம், தப்பில்லை. அதற்கும் பிந்தியவர்களுக்கு முன்கூடத்தில் ஒளியும் ஒலியும் வரும் திரை ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டாவது பாட்டின் கைதட்டில் மட்டும் உள்ளே விடுங்கள். அவர்களுக்காகப் பின்வரிசை ஓரத்தில் ஆறு இருக்கை விற்காமல் வைத்திருங்கள். டிக்கெட் காசு போகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள், ஐந்தாவது வரிசை நடுவில் ஒருவரைக் கொண்டுபோய் உட்காரவைக்க எத்தனை முழங்கால் நகர வேண்டும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இடைவேளை இல்லை என்பதை டிக்கெட் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். கதவருகே மட்டும் சொன்னால், தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கழிவறை வரிசை தெருவரை நிற்கும்.

காட்சி முடியும்வரை கைப்பேசியைப் பூட்டிவைக்கும் பைகள் நல்லவைதான், ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கள். ஒருவருக்கு எட்டு நொடி என்றால் 296 பேருக்கு ஒரே வரிசையில் ஏறக்குறைய 40 நிமிடம். வழக்கம்போல அரை மணி நேரம் முன்பு கதவு திறந்தால் காட்சி தாமதமாகும், ஜனங்கள் எரிச்சலோடு உட்காருவார்கள், அந்த எரிச்சல் மேடைக்கும் கேட்கும். இரண்டு வரிசை வையுங்கள், 45 நிமிடம் முன்பு திறங்கள். காது கேட்கும் கருவியைக் கைப்பேசியோடு இணைத்திருப்பவர்கள், அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் மருத்துவர்கள், சர்க்கரை அளவைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு கொடுத்து, நடைபாதை ஓரத்தில் இடம் ஒதுக்குங்கள். கைப்பேசி பைக்குள் போனாலும் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் கையிலேயே இருந்துவிடலாம். கையைத் திருப்பினாலே எரியும் அந்த வெளிச்சத்தை அணைத்து வைக்கும்படி அறிவிப்பில் தனியாகச் சொல்லுங்கள். விதி மீறுபவரைப் பாட்டு நடுவில் டார்ச் அடித்துத் திருத்தப் போகாதீர்கள். ஒரு கைப்பேசி நான்கு பேரைத்தான் தொந்தரவு செய்கிறது. அதை அணைக்கச் சொல்லப் போகும் ஊழியர் நாற்பது பேரைத் தொந்தரவு செய்கிறார். அடுத்த கைதட்டு வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

கூடப் பாடுபவர்கள் தனி ரகம். உதடு மட்டும் அசைந்தால் கண்டுகொள்ளாதீர்கள். குரல் வந்துவிட்டால், பெரும்பாலும் உங்கள் ஸ்பீக்கர்தான் காரணம். நடிகரின் குரல் எதிரே நிற்கும் மனிதரின் வாயிலிருந்து வராமல் தலைக்கு மேல் உள்ள பெட்டியிலிருந்து முழங்கினால், கேட்பவர் கச்சேரிக்கு வந்தது போலத் தன் குரலும் அதில் கரைந்துவிடும் என்று நம்புகிறார். இந்த அளவு அரங்கில் மைக், குரலையும் ஆறு வாத்தியங்களையும் சமன் செய்வதற்கு மட்டும் போதும். கொஞ்சம் சாய்ந்து கேட்டால்தான் காதில் விழும் என்ற அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். கூடப் பாடும் குரல் தானே அடங்கும், மிட்டாய்த் தாள் பிரிக்கும் சத்தமும் சேர்ந்தே நிற்கும், ஏனென்றால் பிரிப்பவருக்கே அது கேட்கும்.

கேத்தி நடிகர் தேர்வுக்குப் போகும் காட்சியில் அரங்கமே தேர்வுக் குழு ஆகிறது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை நேராகப் பார்த்துப் பாடினால், அவர் நெளிவார், சிரிப்பார், அல்லது குனிந்துகொள்வார். சுற்றியிருப்பவர்கள் நடிகையை விட்டு அவரைப் பார்க்கத் தொடங்குவார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு தலைகளுக்கு இடைப்பட்ட வெளியைப் பார்த்தால் போதும். எல்லோருக்கும் தன்னைப் பார்ப்பதாகவே படும்.

ஜேமி இன்னொருத்தியோடு இருக்கும் காட்சியில் எழும் 'ச்சே'யைப் பற்றி மட்டும் வேறு மாதிரி நினைக்கிறோம். அதை அடக்க வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் வாயிலில் சண்டை போடும்படிதான் இந்த நாடகம் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஜேமியை முன்கூட்டியே அசடு வழிய வைக்கும் இயக்குநர்களைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. அப்படிச் செய்தால் சத்தம் மட்டுப்படலாம், ஆனால் கேத்தி முழுக்கப் பாவப்பட்டவளாகவும் அவன் வெறும் தன்னலக்காரனாகவும் சுருங்கிவிடுவார்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள் என்ற குறையும் அடிக்கடி வரும். முடிவிலிருந்து தொடங்குபவள் அழாமல் என்ன செய்வாள். ஆனாலும் முதல் மூன்று பாட்டுக்குள் அவளுடைய ஒரு சிரிப்பாவது உண்மையானதாக இருக்கட்டும்.

இறுதிப் பாட்டில் கேத்தி முதல் சந்திப்பு முடிந்து ஜேமியை வழியனுப்புகிறாள், ஜேமியோ தன் காலத்தில் அவளை விட்டுவிட்டுப் போகிறான். முதலில் கத்துபவர் தானாக இருக்க வேண்டும் என்று இசைத்தட்டு ரசிகர் ஒருவர் எப்போதும் காத்திருப்பார். விளக்கு பட்டென்று அணைந்தால் அவருக்குக் கொண்டாட்டம். கடைசி ஒலி ஓய்ந்த பிறகும் எட்டுப் பத்து நொடி இறங்கிக்கொண்டே இருக்கும் விளக்கு வையுங்கள். எது முடிவு என்று அவருக்கே நிச்சயம் இருக்காது. வணக்கம் சொல்ல இருவரும் சேர்ந்தே வரட்டும். தனித்தனியாக வந்தால் யாருக்கு அதிகத் தட்டு என்ற போட்டி பிறக்கும், அது உடைமாற்றும் அறைவரை போகும்.

எழுந்து நின்று தட்டுவதை வைத்து எதையும் அளக்காதீர்கள். முன்வரிசை எழுந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறைகிறது, அவரும் எழுகிறார். பதிலாக, முன்னோட்டக் காட்சிகளின்போது மேடை மேலாளரின் தினசரி அறிக்கையில் மூன்று கட்டங்களைச் சேருங்கள்: ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டு வந்ததா, எத்தனை நொடி, அடுத்த பாட்டின் முதல் வரி கேட்டதா. வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஒரே இடத்தில் ஐந்தாறு முறை வரி தொலைந்திருந்தால், அந்த இடத்தின் விளக்குக் குறிப்பை மாற்றுங்கள். மதியக் காட்சிகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். அப்போது வருபவர்களில் வயதானவர்கள் அதிகம். சத்தம் குறைவாக இருப்பதைப் பார்த்து நடிகர்கள் குரலை உயர்த்தினால், நடிகர்களிடம்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
சிறு அரங்குகளில் விளக்கு, ஒலி, வாசல் வேலை பார்ப்பவர்கள் சிலர்