டிடிஎஸ் மீட்டர நம்பி மெஷின் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டுக்கு எந்த வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கலாம்னு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. எத்தனை லிட்டர் டேங்க், எத்தனை ஸ்டேஜ், எத்தனை வருஷ வாரன்ட்டி எல்லாம் இருந்துச்சு, ஆனா அந்த வீட்டுக்கு மெஷினே வேணுமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல. என்ன நோய்னே பாக்காம மருந்துக்கடையில போயி எந்த மாத்திரை நல்லா விக்குதுன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

மெஷின் விக்க வர்றவங்க பேனா சைஸ்ல ஒரு டிடிஎஸ் மீட்டர (டிடிஎஸ்னா தண்ணியில மொத்தமா கரைஞ்சிருக்கற உப்போட அளவு) எடுத்து டம்ளர்ல விடுவாங்க, 400, 500னு வந்தா வீட்டுல இருக்கறவங்க பயந்துடுறாங்க. அந்த மீட்டர் பண்றது ஒரே வேலைதான். தண்ணியில கரண்ட் எவ்வளவு சுலபமா போகுதுன்னு பாக்கும், அத வச்சு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்கலாம்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டும். அது கால்சியமா சோடியமா நைட்ரேட்டான்னு எல்லாம் அதுக்குத் தெரியாது. ஆர்சனிக்ங்கற விஷத்த எடுத்துக்கங்க, உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம், அதுல பத்து மடங்கு இருந்தாலும் மொத்தமே 0.1 மில்லிகிராம்தான், ஒவ்வொரு மில்லிகிராமா எண்ணுற மீட்டர்ல அது எங்க தெரியப் போகுது? கிருமியும் அப்படித்தான். சாக்கடை கலந்த தண்ணி 150 காட்டலாம், ஒரு குறையும் இல்லாத கிணத்துத் தண்ணி 600 காட்டலாம். 600க்குள்ள இருந்தா ருசி நல்லா இருக்கும், 1000 தாண்டிப் போகப் போக ருசி ரொம்பக் கெட்டுடும்னுதான் அந்த நிறுவனமே சொல்லுது, உடம்புக்குக் கெடுதல்னு டிடிஎஸ்க்கு தனியா ஒரு அளவு அவங்க வைக்கவே இல்ல.

இன்னொரு வித்தை இருக்கு, அத பாத்துதான் பாதிப் பேர் மெஷின் வாங்குறாங்க. ரெண்டு டம்ளர், ஒண்ணுல நம்ம குழாய் தண்ணி, ஒண்ணுல அவங்க மெஷின் தண்ணி, ரெண்டுலயும் கம்பிய விட்டு கரண்ட் குடுத்தா கொஞ்ச நேரத்துல நம்ம தண்ணி பழுப்பும் பச்சையுமா கலங்கி அழுக்கு மிதக்கும், அவங்க தண்ணி அப்படியே நிக்கும். ஐயோ இதையா இத்தனை நாள் குடிச்சோம்னு தோணும். அந்த அழுக்கு தண்ணியில இருந்து வந்ததே இல்லைங்க, கம்பியில இருந்து வந்தது, இரும்பு கரைஞ்சு துருவா மாறி நிக்குது. உப்பு இருக்கற தண்ணியில கரண்ட் போகும் அதனால கம்பி கரையுது, உப்ப எடுத்துட்ட தண்ணியில கரண்ட் சரியா போகாது, அவ்வளவுதான் விஷயம். அவங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு திரும்பச் செய்யச் சொல்லுங்க, அதுவும் கலங்கும்.

அப்ப எதப் பாத்து முடிவு பண்றது? முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். சுத்திகரிச்சு குளோரின் போட்டு அனுப்புற பொதுக் குழாய் தண்ணின்னா அத சப்ளை பண்றவங்க கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கும், கேளுங்க. அங்க நல்லா இருந்து வீட்டுல கெட்டுப் போச்சுன்னா தப்பு பெரும்பாலும் நடுவுல இருக்கற பைப்புலயோ நம்ம டேங்குலயோதான். மூடி சரியா மூடாம, வருஷக்கணக்கா கழுவாம ஒரு டேங்க் மேல கிடக்கும், கீழ கிச்சன்ல ஏழு ஸ்டேஜ் மெஷின் ஓடிட்டு இருக்கும். சொந்தக் கிணறு, போர் வச்சிருந்தா வேற கதை, அத நம்மளத் தவிர யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க, கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்துடறது நல்லது, அதுவும் நல்ல மழைக்கு அப்பறம் எடுத்தா உண்மை நிலவரம் தெரியும்.

இதுல ஒரு வினோதம் என்னன்னா கண்ணுக்கு மூக்குக்குத் தெரியறது பெரும்பாலும் தொல்லை மட்டும்தான், ஆபத்து இல்ல. பாத்திரத்துல வெள்ளையா படியுது, சோப்பு நுரைக்கலன்னா தண்ணி கடினம். பிடிக்கும்போது தெளிவா இருந்து கொஞ்ச நேரத்துல செம்பழுப்பா மாறுதுன்னா இரும்பு. அழுகின முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவும் வெந்நீர்ல மட்டும் வந்தா ஹீட்டருக்குள்ள இருக்கற மெக்னீசியம் கம்பிய சந்தேகப்படணும், தண்ணிய இல்ல. நெஜமா பயப்பட வேண்டிய ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட், ஈயம் இதுக்கெல்லாம் நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, லேப்ல குடுத்தாதான் தெரியும்.

லேப்னு சொல்றப்ப, மெஷின் விக்கறவங்க பண்ற ஃப்ரீ டெஸ்ட சொல்லல, எதையும் விக்காத லேப்புக்கு குடுங்க. கிருமி டெஸ்டுக்கு கிருமி நீக்கின பாட்டில் அவங்களே தருவாங்க, அத கழுவிட்டுப் பிடிக்காதீங்க, குளுமையா வச்சு அன்னைக்கே குடுத்துடுங்க. பழைய பைப்பு, ஈயம் இருக்குமோன்னு சந்தேகம்னா ராத்திரி முழுக்க குழாயத் தொடாம விட்டு காலையில வர்ற முதல் தண்ணிய பிடிக்கணும், கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடிச்சா கம்மியா காட்டிடும். ரிப்போர்ட்ல ஈ.கோலை (மலம் கலந்திருக்குன்னு காட்டுற கிருமி) 100 மில்லில ஒண்ணு கூட இருக்கக் கூடாது, ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள்ள, நைட்ரேட் 50க்குள்ள. நைட்ரேட்ட நைட்ரஜன் கணக்குல போட்டிருந்தாங்கன்னா 50 இல்ல 11னு பாக்கணும், இதுல நிறைய பேர் ஏமாந்துடுறாங்க.

ரிப்போர்ட் கையில இருந்தா முடிவு தானா வரும். கிருமி மட்டும்தான் பிரச்சனைன்னா தளதளன்னு கொதிக்க வச்சாலே போதும், இல்லன்னா யூவி, அதாவது கிருமியக் கொல்ற புற ஊதா வெளிச்சம், ஆனா தண்ணி கலங்கலா இருந்தா யூவி வெளிச்சம் உள்ள போகாது அது ஞாபகம் இருக்கட்டும். குளோரின் வாசம் மட்டும்னா ஒரு கார்பன் ஃபில்டர், அதையும் நேரத்துக்கு மாத்தலன்னா அதுலயே கிருமி வளரும். கடினத்தன்மைக்கு சாஃப்ட்னர், அது குழாய்க்கும் வாஷிங் மெஷினுக்கும் நல்லது, உடம்புக்குன்னு நினைச்சு வாங்காதீங்க, கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விடுது. ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் ஜாஸ்தின்னு வந்தா கொதிக்க வைக்கிறதே தப்பு, தண்ணி ஆவியாகி மிச்சத்துல இன்னும் கெட்டியாகும், அங்கதான் ஆர்ஓ, அதாவது மெல்லிய சவ்வு வழியா தண்ணிய அழுத்தி உப்பப் பிரிக்கிற மெஷின், நெஜமாவே தேவைப்படுது. அதுவும் குடிக்க சமைக்க மட்டும் ஒரு குழாய்க்குப் போதும். நிறைய வீட்டு மெஷின்ல 1 லிட்டர் நல்ல தண்ணிக்கு 3 லிட்டர் வரைக்கும் வெளிய போகுது, தேவையே இல்லாத வீட்டுல அந்த மூணு லிட்டர் சும்மா சாக்கடைக்குத்தான். மெஷின் மாட்டினதும் எந்தப் பொருளுக்காக வாங்கினீங்களோ அதே டெஸ்ட இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, இத யாருமே செய்யறதில்ல.

அடுத்த தடவை ப்யூரிஃபையர் பக்கம் போடும்போது டெஸ்ட் ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கறதுன்னு ஒரு பெட்டிச்செய்தி சேத்துப் போடுங்க சார். விளம்பரம் குடுக்கறவங்க கோவிச்சுக்குவாங்கன்னா இந்த லெட்டரையாவது வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்